அரை மில்லிமீட்டர்

அப்பாவுக்குக் கத்தி மேல் கவனம் போனது ஐம்பத்தொன்பது வயதில். காரணம் ஒரு தக்காளி. அம்மா நறுக்கப் பார்த்தார், கத்தி இறங்கவில்லை, தக்காளி நசுங்கி அம்மாவின் முகத்தில் தெறித்தது.

"இந்தக் கத்திகிட்ட எல்லாத்தையும் கெஞ்சித்தான் கேக்கணும்" என்றார் அம்மா.

மறுநாள் மாலை அப்பா ஒரு சாணைக்கல்லோடு வந்தார். குடிநீர் அலுவலகத்தில் தபால் பிரிவு அவருக்கு. உறையைப் பிரிப்பது, முத்திரை குத்துவது, எண் போடுவது. முப்பத்தோரு வருடம் இதைச் செய்தார். பொழுதுபோக்கு என்று ஒன்றும் கிடையாது. ஞாயிற்றுக்கிழமைகளில் செய்தித்தாளை விளம்பரம் வரைக்கும் படித்துவிட்டுத் தூங்குவார்.

முதல் வாரம் கத்தியைக் கெடுத்தார். எனக்குப் போன் செய்தார். எஃகைச் சூடாக்கிப் பதப்படுத்தும் தொழிற்சாலையில் நான் தரச் சோதனைப் பிரிவில் இருக்கிறேன்.

"தேய்க்கத் தேய்க்க மழுங்குதும்மா. கல்லு போலியா?"

"கோணம் மாறுதுப்பா. பதினஞ்சு டிகிரி. ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கணும்."

அட்டையில் பதினைந்து டிகிரிக்கு ஓர் ஆப்பு வெட்டி, கத்திக்கு அடியில் வைத்துப் பழகினார். ஒரு மாதத்தில் ஆப்பு தேவைப்படவில்லை. அப்புறம் நைசான கல் வந்தது. கூர் ஓரத்தில் நிற்கும் பிசிறைப் பார்க்க பூதக்கண்ணாடி வந்தது. ஓய்வு பெற்ற பிறகு பழைய இரும்புக் கடைகளில் சுற்றத் தொடங்கினார். துருப்பிடித்த கத்திகளை வாங்கிவந்து, பிடியைக் கழற்றி, துருவை எடுத்து, மரத்தில் புதுப் பிடி செதுக்கினார். மூன்று வருடத்தில் இருபத்துமூன்று கத்திகள். கூடத்துச் சுவரில் மரச்சட்டம் அடித்து வரிசையாக மாட்டினார். ஒவ்வொன்றுக்கும் எண். தபால்காரப் புத்தி.

"எனக்கு முட்டி வலின்னு ஒரு வருஷமா சொல்றேன், திரும்பிப் பாத்தாரா? கத்திக்கு முனை போனா மட்டும் சோறு இறங்காது" என்பார் அம்மா. சொல்லிக்கொண்டே ஏழாம் நம்பரை எடுத்து வெங்காயம் நறுக்குவார். ஏழாம் நம்பர் அவருடையது. வேறு யாரும் தொடக்கூடாது.

ஒரு முறை பதினொன்றாம் நம்பரைத் தூக்கிக்கொண்டு என் தொழிற்சாலைக்கே வந்துவிட்டார். எஃகின் கடினத்தன்மையைச் சோதிக்க வேண்டுமாம். வைர முனை எஃகில் அழுந்தி ஒரு சின்னக் குழி விட்டது. அதைப் பார்த்து முகம் சுருங்கினார். ஐம்பத்தெட்டு, நல்ல கத்திக்குரிய அளவு என்று நான் சொன்னதும் மலர்ந்துவிட்டார். தெரு முழுக்கச் சொன்னார்.

"இவ பாஸ் பண்ணினப்ப கூட இப்படி ஊரைக் கூட்டல" என்றார் அம்மா.

அறுபத்தாறாவது வயதில் அப்பா வீட்டுக்கு வரும் வழியை மறந்தார். மூன்றாவது முறை மறந்தபோது நரம்பு டாக்டரிடம் போனோம். ஸ்கேன் படத்தை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார் டாக்டர். இது குறையாது, மெதுவாக்கலாம் என்றார். வெளியே வரும்போது என்னிடம் தனியாக, "கேஸ், தீப்பெட்டி, கத்தி. கைக்கு எட்டாம வைங்க" என்றார்.

வீட்டில் சொன்னேன். அம்மா மரச்சட்டத்தின் முன்னால் போய் நின்றுகொண்டார்.

"இதையும் பிடுங்கிட்டா அவருக்கு வேற என்னடி இருக்கு?"

"கையை அறுத்துக்குவார்மா."

"அறுத்துக்காம ஏதாவது பண்ணு. அதுக்குத்தானே படிச்ச?"

பண்ணினேன். என் வீடு அடுத்த தெருவில்தான்; தினம் காலையில் வந்து மூன்று கத்திகளைப் பையில் போட்டுத் தொழிற்சாலைக்குக் கொண்டுபோனேன். மதிய இடைவேளையில், சாணை இயந்திரத்தில், கூர் ஓரத்தைச் செங்குத்தாக வைத்து அரை மில்லிமீட்டர் எடுத்தேன். கத்தி பார்வைக்கு அப்படியே இருந்தது. தோலில் அழுத்தி இழுத்தாலும் அறுக்காது. என் உள்ளங்கையிலேயே இழுத்துப் பார்த்தேன். எட்டு நாளில் இருபத்துமூன்றும் முடிந்தன. நல்ல யோசனை என்று நினைத்தேன்.

அப்பா மழுங்கிய கத்தியைக் கண்டால் என்ன செய்வார் என்று மட்டும் யோசிக்கவில்லை.

காலையில் கல்லை நனைத்துக்கொண்டு உட்கார்ந்தார். மதியச் சாப்பாட்டுக்கு எழுந்தார். மறுபடி உட்கார்ந்தார். என் பெயர் சில நாள் வரவில்லை, பதினைந்து டிகிரி தவறவே இல்லை. நான்கு நாளில் ஒரு கத்தி தயார். முடியை மழிக்கும் கூர். நான் அதை எடுத்துப்போய் மறுபடி அரை மில்லிமீட்டர் எடுத்தேன். அவர் மறுபடி தீட்டினார். இப்படி ஏழு மாதம். கத்திகளின் அகலம் குறைந்துகொண்டே வந்தது.

ஒருநாள் நான் போனபோது கூடத்தில் சத்தம்.

"ஏழாம் நம்பரால டப்பா மூடிய நெம்பினியா? உண்மையச் சொல்லு."

"நான் எதுக்குங்க நெம்பப் போறேன்?"

"பின்ன யாரு? வீட்ல நீயும் நானும்தானே இருக்கோம்? கல்லுல போட்டு அறுத்திருக்க. நேத்துதான் தீட்டினேன்."

நான் வாயைத் திறந்தேன். அம்மா கண்ணாலேயே என்னை அடக்கினார்.

"ஆமா, நான்தான். மூடி வரல, நெம்பினேன். இனிமே தொடல, போதுமா?"

அப்பா அம்மாவிடம் பேசுவதை நிறுத்தினார். இரண்டு நாளில் மறந்துவிடுவார் என்று எண்ணினோம். சண்டையை மறந்தார், கோபத்தை மறக்கவில்லை. எதற்கு என்று தெரியாமலே அம்மாவிடம் முகம் கொடுக்காமல் இருந்தார். அம்மா தட்டு வைத்தால் சாப்பிட மாட்டார். நான் வாங்கி வைத்தால் சாப்பிடுவார். நாற்பத்திரண்டு வருடக் குடித்தனம். ஏழாம் நம்பரை அப்பா சட்டத்திலிருந்து எடுத்துத் தன் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டார்.

"சொல்லிடறேன்மா, நான்தான்னு."

"சொல்லி? அப்புறம் உன் கையாலயும் சாப்பிட மாட்டார். எனக்குப் பழகிடுச்சு, விடு" என்றார். பழகியதாகத் தெரியவில்லை. சமையலறையில் நின்றபடியே சாப்பிடத் தொடங்கியிருந்தார்.

எட்டாம் மாதம் ஒரு காலை அப்பா கத்தியைத் திருப்பிப் பிடித்து முதுகைத் தீட்டிக்கொண்டிருந்தார். கூர் மேலே, உள்ளங்கைக்குள். முழு பலத்தோடு அழுத்தியிருந்தார். ஓடிப்போய்ப் பிடுங்கினேன். கையில் ஒரு சிவந்த கோடு மட்டும். தோல் கிழியவில்லை. நான் எடுத்த அரை மில்லிமீட்டர் அன்று வேலை செய்தது. அதற்காக ஒரு நிமிடம் கூட என்னால் சந்தோஷப்பட முடியவில்லை.

அதற்குப் பிறகு அவர் கல்லைத் தேடவில்லை. நானும் கத்திகளை எடுத்துப் போகவில்லை.

சில மாதம் கழித்து, நுரையீரலில் சளி கட்டியதால் அவரை மருத்துவமனையில் சேர்த்தோம். ஆறாம் நாள் பிற்பகல் கண் விழித்து என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். அம்மா கீழே மருந்து வாங்கப் போயிருந்தார். இனி இப்படி ஒரு நேரம் கிடைக்காது என்று தோன்றியது. சொல்லிவிட்டேன்.

"அப்பா, கத்தியெல்லாம் மழுக்கினது நான். அம்மா இல்ல. உங்க கையை அறுத்துடும்னு பயந்து பண்ணினேன்."

தலையை என் பக்கம் திருப்பினார்.

"எவ்வளவு எடுத்த?"

"ஒவ்வொரு தடவையும் அரை மில்லி."

"மெஷின்லயா? தண்ணி விட்டியா? சூடேறினா பதம் போயிடும்."

"விட்டேன்பா."

"ம்." மூச்சு வாங்கினார். "அவளைக் கூப்பிடு."

அம்மாவுக்குப் போன் செய்தேன். லிஃப்ட் மேல்மாடியில் நின்றிருந்தது. முட்டி வலியோடு நான்கு மாடி ஏறி வந்தார். பதினொரு நிமிடம். அதற்குள் அப்பாவின் பார்வை ஜன்னலுக்குப் போய்விட்டது. அம்மா கட்டிலருகே குனிந்து, "கூப்பிட்டீங்களாமே, என்னங்க?" என்று கேட்டார்.

அப்பா அவரை மரியாதையோடு பார்த்து, "டாக்டர் எப்ப வருவாருங்க?" என்றார்.

இரண்டு நாள் கழித்து, விடிந்து சற்று நேரத்தில் போய்விட்டார்.

அம்மா இப்போதும் கேட்கிறார். துணி மடிக்கும்போது, பஸ்ஸுக்கு நிற்கும்போது, காரணமே இல்லாமல்.

"நான்தான் பண்ணலன்னு தெரிஞ்சுதானே கூப்பிட்டார்?"

"ஆமாம்மா."

"கூப்பிட்டு என்ன சொல்ல இருந்தாராம்?"

"சொல்லலமா."

"முகம் எப்படி இருந்துச்சு? கோவமாவா?"

இல்லை என்கிறேன். எனக்கு உண்மையில் தெரியாது. நான் அப்போது போனில் அம்மாவின் எண்ணைத் தேடிக்கொண்டிருந்தேன்.