ஒரே லிங்க், இரண்டு தேதி

தொலைநிலைக் கல்வியில் எம்.ஏ. வரலாறு சேர்ந்தது நானும் என் நாத்தனாரும் ஒன்றாகத்தான். அவள் இருப்பது அடி அண்ணாமலை கிராமத்தில், நான் டவுனில். ஒரு காதுகுத்து விசேஷத்தில் வந்த மனத்தாங்கலுக்குப் பிறகு எங்களுக்குள் பேச்சு குறைந்துபோனது. பரீட்சை விஷயம் மட்டும் பேசிக்கொள்வோம்.

அட்டவணையைப் பல்கலைக்கழகம் பி.டி.எஃப். ஆகத்தான் போடும். இறக்கி வைத்தால் ஒரே பெயரில் ஏழெட்டு சேர்ந்துவிடும். எது புதுசு, எது பழசு என்று தெரியாது. அந்த எரிச்சலில் போன் பிரவுசரிலேயே திறந்து, மூடாமல் விட்டுவைத்திருந்தேன். அதிலும் நிம்மதி இல்லை. விரலால் பெரிதாக்கினால் தேதி தெரியும், பாடத்தின் பெயர் திரைக்கு வெளியே ஓடிவிடும். பாடத்தை இழுத்துப் பிடித்தால் தேதி காணாமல் போகும். எப்படியோ மல்லுக்கட்டி, இரண்டாம் தாள் வியாழக்கிழமை என்று பார்த்துவைத்திருந்தேன்.

திங்கட்கிழமை மத்தியானம் அவள் போன் செய்தாள்.

"அண்ணி, நாளைக்குப் பரீட்சை. படிச்சிட்டீங்களா?"

"நாளைக்கா? வியாழக்கிழமைன்னு போட்டிருக்கே."

"மாத்திட்டாங்க. லிங்க்க பாருங்க."

பார்த்தேன். வியாழன்தான். படம் பிடித்து அனுப்பினேன். அவளும் அனுப்பினாள். அதே லிங்க், அதே முத்திரை, செவ்வாய்க்கிழமை. நான் இன்னும் பாதிப் புத்தகத்தைக்கூடத் தொடவில்லை.

"நீ வேற எதையோ தொறந்திருக்க," என்றேன்.

"நீங்கதான் பழச வெச்சிக்கினு பேசுறீங்க," என்றாள் அவள். குரலில் காதுகுத்துச் சூடு.

பல்கலைக்கழகத்துக்குப் போன் போட்டேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. திரையை மேலிருந்து கீழே இழுத்தேன். பக்கம் நகர்ந்ததே தவிர தேதி நகரவில்லை. சாப்பிட வந்த கணவரிடம் காட்டினேன். அவர் கண்ணைச் சுருக்கிப் பார்த்துவிட்டு, "இதுல வியாழன்னுதான் இருக்கு, அப்புறம் இன்னா?" என்று கையைக் கழுவப் போய்விட்டார். போனைச் சுவரில் எறியலாம் போலிருந்தது.

சற்று நேரத்தில் வாசலில் ஸ்கூட்டி வந்து நின்றது. நாத்தனார். தோளில் புத்தகப் பை. என் முகத்தைப் பார்க்காமல் போனை வாங்கினாள்.

"இத்தன பக்கம் தொறந்து வெச்சிருக்கீங்களே அண்ணி! எல்லாத்தையும் மூடிட்டுப் பாக்கலாம்."

"ஐயோ, எல்லாம் பழைய கேள்வித்தாள். மறுபடி எங்க போய்த் தேடறது?"

"நாளைக்குப் பரீட்சைக்கே போவலன்னா கேள்வித்தாள் எதுக்கு?"

மூடினாள். போன் சேர்த்துவைத்திருந்த பழைய பக்கங்களையும் அழித்துவிட்டு, லிங்க்கைப் புதிதாகத் திறந்தாள். செவ்வாய்க்கிழமை. காலை பத்து மணி. ஏன் மாற்றினார்கள் என்று எங்கும் ஒரு வரி கிடையாது. பழையதன் மேலேயே புதியதை வைத்துவிட்டு அவர்கள் வேலை முடிந்தது என்று போய்விட்டார்கள். என் போனோ பழையதையே பத்திரமாக வைத்துக்கொண்டு எனக்குக் காட்டியிருக்கிறது.

அழுகை வந்துவிட்டது. "இந்த வாட்டி வுட்டுடறேன்," என்றேன்.

"வுடுவீங்க, வுடுவீங்க. மொதல்ல டீ போடுங்க," என்று தரையில் உட்கார்ந்து புத்தகத்தைப் பிரித்தாள்.

அன்று அவள் வீட்டுக்குப் போகவில்லை. நான் தொடாத பாடங்களையெல்லாம் ஊர்க்கதை மாதிரி சொன்னாள். ஆற்காட்டு நவாப் சண்டையை அவள் சொன்னபோது, பக்கத்துத் தெருவில் நடந்ததுபோல மனதில் பதிந்தது.

மறுநாள் எழுதிவிட்டு வெளியே வந்ததும் கேட்டாள். "நவாப் கேள்வி எழுதினீங்களா?"

"நீ சொன்னத அப்படியே எழுதினேன்."

"எனக்கு ஒண்ணுமே ஞாபகம் வரல அண்ணி," என்று தலையில் அடித்துக்கொண்டாள். பிறகு இருவரும் செங்கம் ரோட்டில் நின்று, ஆட்டோக்காரர்கள் திரும்பிப் பார்க்கும்படி சிரித்தோம்.

இருவருமே பாஸ். எனக்கு அவளைவிட மார்க் ஜாஸ்தி. அதை அவள் இன்றுவரை எல்லா விசேஷத்திலும் சொல்லிக்காட்டுகிறாள்.