இரண்டு திருஷ்டி அணா

தேனியில் பருத்தி வாங்கும் கம்பெனி ஒன்றின் டிப்போவில் பதினொரு வருஷம் குமாஸ்தாவாக இருந்தேன். ஆனால் பருத்தியை எடை போட்டதும் இல்லை, பஞ்சைப் பேலாகக் கட்டியதும் இல்லை. என்னுடையது வேவு பார்க்கிற வேலை. எங்கள் பள்ளத்தாக்கில் இந்த வருஷம் பருத்தி எவ்வளவு தேறும் என்று வாரம் தவறாமல் தூத்துக்குடி ஆபீசுக்கு ரிப்போர்ட் அனுப்ப வேண்டும். அங்கிருந்து எங்கள் பஞ்சு கப்பலேறி ஜப்பானுக்கும் சீமைக்கும் போகும். அந்தத் தேசங்கள் எந்தத் திக்கில் இருக்கின்றன என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. அங்கே இருக்கிற மில்காரன் என்ன விலைக்குக் கேட்கிறான் என்பது மட்டும் தினமும் தந்தியில் வந்துவிடும்.

ரிப்போர்ட் என்பது கட்டம் கட்டமாகக் கோடு போட்ட நீளத் தாள். மழை ஒரு கட்டம். விதை விற்பனை, வந்த வண்டிகள், சாக்கு விலை, பருத்திக்கொட்டை விலை என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு கட்டம். ஏலக்காய்த் தோட்ட வேலைக்கு ஏலமலை ஏறிப் போன ஆட்களுக்குக்கூட ஒரு கட்டம் இருந்தது. ஆட்கள் மலைக்குப் போய்விட்டால் கீழே பருத்தி எடுக்கக் கூலி கூடும் என்று தூத்துக்குடித் துரைக்குக் கவலை. தாளில் இல்லாத சிலதையும் நானாகக் கவனிப்பேன். வாரச் சந்தையில் வளையல்காரனைச் சுற்றிப் பெண்கள் நிற்கிறார்களா, எந்த ஊர்க்காரர்கள் கருவாட்டை மோந்து பார்த்துவிட்டு வாங்காமல் கீழே வைக்கிறார்கள் என்றெல்லாம் பார்த்துக்கொண்டு நிற்பேன். இதில் எனக்கு ரொம்பப் பெருமை.

எல்லாவற்றிலும் பெரிய கட்டம் அணாக் கட்டம்தான். முழு விளைச்சல் என்றால் பதினாறு அணா, பாதி என்றால் எட்டணா. ஊருக்கு ஒரு சம்சாரியிடம், அதாவது விவசாயியிடம் கேட்டு, அவர் சொல்லும் அணாவை எழுதி, எல்லா ஊருக்குமாகச் சராசரி போட வேண்டும். துரை முதலில் பார்ப்பது அதைத்தான். சீசனில் என்ன விலையில் வாங்க ஆரம்பிப்பது என்று அதை வைத்துத்தான் முடிவு செய்வார்கள். எங்கள் டிப்போ விலை வைத்தால் மற்ற வியாபாரிகளும் அதையே வைப்பார்கள்.

ஆனால் எங்கள் பக்கத்தில் எந்தச் சம்சாரியும் விளைச்சலை உள்ளபடி சொல்லமாட்டான். கண் பட்டுவிடும் என்று பயம். பருத்திக் காடே வெடித்து வெள்ளையாகக் கிடக்கும். கேட்டால், "ஏதோ இருக்கு, கஞ்சிக்குக் காணும்" என்பான். பன்னிரண்டு அணா இருந்தால் பத்து என்பான், பத்து இருந்தால் எட்டு. கோம்பையிலிருந்து கூடலூர் வரைக்கும் இதே கதைதான். வேலைக்குச் சேர்ந்த புதிதில் இவர்கள் சொன்னதை அப்படியே எழுதி அனுப்பித் துரையிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன். பிறகு பழைய தாள்களையும் வந்து சேர்ந்த வண்டிகளையும் வைத்துப் பார்த்து ஒரு வழி கண்டுபிடித்தேன். எந்த ஊர்க்காரர் எத்தனை சொன்னாலும் அதோடு இரண்டைக் கூட்டி எழுதுவது. அதற்குத் திருஷ்டி அணா என்று நானே பெயரும் வைத்திருந்தேன். அது பொய்க்கவே இல்லை. வருஷா வருஷம் என் அணாவும் வந்த வண்டியும் ஒத்துப்போயின. துரை சம்பளத்தைக் கூட்டினார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

இந்தச் சாமர்த்தியத்தை நான் பீற்றிக்கொண்டது ஒரே ஒரு ஆளிடம்தான், என் அக்காவிடம். என்னைவிட ஆறு வயசு மூத்தவள். நான் பள்ளிக்கூடம் போனதே அவள் வீட்டில் பிடித்த அடத்தால்தான். அவளைப் பொட்டிப்புரத்தில் கட்டிக் கொடுத்திருந்தது. பிள்ளை இல்லை. மானாவாரி நிலம் கொஞ்சமும் ஒரு ஜோடிக் காளையும் உண்டு. பருத்தி எடுத்து எடுத்து, காய்ந்த ஓட்டின் முனை கீறி, அவள் விரல்கள் எப்போதும் வெடித்தே இருக்கும். அந்த ஊருக்கு அணா சொல்கிற சம்சாரி அவள் புருஷன், என் மச்சான்தான். "எந்தம்பி எழுதுனாத்தான் தூத்துக்குடியில கப்பலே கெளம்புதாம்" என்று அவள் சந்தைக்கு வரும்போதெல்லாம் என்னைக் கேலி செய்வாள். கேலி பாதி, நிஜமான பெருமை பாதி. என்னை நினைத்து அவ்வளவு சந்தோஷப்பட்ட இன்னொரு ஜீவன் எனக்கு வாய்க்கவில்லை.

ஒரு வருஷம் ஐப்பசியில் ஒரு மழை பெய்ததோடு சரி. கார்த்திகை முழுக்க வானம் வெளுத்துக் கிடந்தது. மாசியில் அக்காவும் மச்சானும் சந்தைக்கு வந்தார்கள். டிப்போ வாசல் வேப்பமரத்தடியில் நின்று பேசினோம்.

"இந்த வருசம் எத்தன அணா மச்சான்?"

"நாலணா போட்டுக்கங்க மாப்ள."

நான் சிரித்தேன். "போன வருசமும் இப்படித்தான எட்டணான்னு அழுதீக. பெறகு நாலு பொதி ஏத்திக்கிட்டு வந்தீக."

அக்காதான் முன்னால் வந்தாள். "ஏலே தம்பி, இது அப்படி இல்லடா. உள்ளதத்தான் சொல்றாக. செடி முழங்கால் ஒசரம் வளரல, பிஞ்செல்லாம் கொட்டிப்போச்சு. இதுல ஒண்ணும் கூட்டிப்புடாத. நம்பிக்கையில்லன்னா வந்து ஒரு எட்டு பாத்துட்டுப் போ."

"சரி ஆத்தா, சரி" என்றேன்.

போகவில்லை. வெயில் என்று ஒரு சாக்கு இருந்தது. சித்திரையில் தூத்துக்குடி ஆபீசில் ஒரு இடம் காலியாகப்போகிறது என்று கடிதம் வந்திருந்ததால், தாளை அழகாக எழுதுவதிலேயே என் கவனம் இருந்தது. இரண்டையும்விடப் பெரிய காரணம், இந்தத் தடவை உள்ளதைத்தான் சொல்கிறேன் என்று சொல்லாத சம்சாரியை நான் பார்த்ததே இல்லை. அக்கா வாயிலிருந்து வந்தபோதும் அது எனக்குப் பழைய பாட்டாகவே கேட்டது. மற்ற ஊர்களிலும் நாலு, மூன்று, நாலு என்றே சொன்னார்கள். எல்லாரும் பேசிவைத்துக்கொண்டு சொல்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன். கண் படுவதற்கு ஒன்றுமே இல்லாத வருஷத்தில் எவன் எதற்குக் குறைத்துச் சொல்லப்போகிறான்? இந்தச் சின்ன யோசனை எனக்கு வரவில்லை. அன்று சந்தையில் வளையல்காரன் மத்தியானத்துக்கு முன்பே கூடையைக் கட்டிக்கொண்டு கிளம்பியதை என் கண்ணால் பார்த்தேன். அதற்குத் தாளில் கட்டம் இல்லை.

பொட்டிப்புரத்துக்கு நேரே ஆறு என்று எழுதினேன். எல்லா ஊருக்கும் இரண்டைக் கூட்டினேன். நாலணா என்றால் பஞ்சம், சரக்குக்கு அடிபிடி இருக்கும், விலை ஏறும். ஆறணா என்றால் சுமாரான வருஷம். தூத்துக்குடியில் சுமாரான வருஷம் என்றே எடுத்துக்கொண்டு, பங்குனியில் மட்டமான விலையில் வாங்க ஆரம்பித்தார்கள்.

நாலு பொதி கொண்டுவந்த இடத்தில் மச்சான் அந்த வருஷம் ஒரு பொதி கொண்டுவந்தார். விலையைக் கேட்டுவிட்டு என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "விக்கவா மாப்ள, இல்ல கொஞ்ச நாள் வச்சுப் பாக்கவா?"

அந்த ஒரு பொதி என் கண் முன்னால் வண்டியில் கிடந்தது. அப்போதும் எனக்கு உறைக்கவில்லை. நான் எழுதிய ஆறணாவை என்னைவிட அதிகமாக நம்பியவன் அந்தப் பள்ளத்தாக்கில் யாரும் இல்லை. "வித்துருங்க மச்சான். இனிமேத்தான் வண்டி வரும். விலை இன்னும் எறங்கும்" என்றேன்.

அக்கா சாக்கின் மேல் கை வைத்தபடி நின்றாள். "தம்பி சொன்னாச் சரியாத்தான் இருக்கும். அவன் கையிலதான கப்பலே இருக்கு" என்று சிரித்தாள். சாக்கை இறக்கினார்கள்.

மூன்று வாரம் கழித்தும் வண்டி வரவில்லை. வருவதற்குக் காட்டில் ஒன்றும் இல்லை. சரக்கு எங்கே, சரக்கு எங்கே என்று தந்தி மேல் தந்தி. விலை ஏறக்குறைய இரட்டிப்பானது. கிட்டங்கியில் மூட்டை மூட்டையாக வாங்கி அடுக்கியிருந்த வியாபாரிகள் விற்றார்கள். சம்சாரிகள் கையில் விற்பதற்கு மிச்சம் இல்லை. அணா எப்படித் தப்பாகப் போனது என்று துரை விளக்கம் கேட்டார். சம்சாரிகள் தவறான தகவல் கொடுத்துவிட்டார்கள் என்று எழுதி அனுப்பினேன். ஆயுசில் நான் செய்த கேவலமான காரியம் எது என்று யாராவது கேட்டால் அந்தக் கடிதத்தைத்தான் சொல்வேன். வேலை தப்பியது. தூத்துக்குடி இடம் மட்டும் வேறு ஆளுக்குப் போனது.

வைகாசியில் மச்சான் காளைகளை விற்றார் என்று கேள்விப்பட்டேன். போய்ப் பார்க்க முகம் இல்லாமல் தள்ளிப் போட்டுக்கொண்டே இருந்தேன். ஆடியில், போடியில் மலைப்பாதை தொடங்கும் இடத்திலிருந்து வழக்கமாக வரும் சீட்டு வந்தது. ஏலக்காட்டு வேலைக்கு ஏறியவர்கள் ஆண் இத்தனை, பெண் இத்தனை என்று இருந்தது. எப்போதையும்விட அதிகம். அப்படியே தாளில் ஏற்றினேன். அந்தப் பெண்களில் ஒருத்தி என் அக்கா என்று எனக்கு அப்போது தெரியாது. என் கையாலேயே அவளை எண்ணி, அந்தக் கட்டத்தில் எழுதித் தூத்துக்குடிக்கு அனுப்பியிருக்கிறேன்.

தை பிறந்து ஒரு வாரம் இருக்கும். மத்தியானம், எடைத் தராசுக்குப் பக்கத்தில் மச்சான் வந்து நின்றார். கையில் ஒரு துணி மூட்டை. பாதி ஆளாக இளைத்திருந்தார்.

"மார்கழியில குளிர்காச்சல் மாப்ள. ஆறு நாள் கெடந்தா. அங்கனயே அடக்கம் பண்ணிட்டோம்."

எனக்குக் கோபம்தான் முதலில் வந்தது. "எனக்கு ஆளனுப்பக் கூடாதா மச்சான்?" என்று கத்தினேன். டிப்போவில் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"அனுப்புறேன்னுதான் சொன்னேன். ரிப்போட்டு எழுதுற நாளு, அவன எடஞ்சல் பண்ணாதீகன்னு சொல்லிட்டா."

நான் தராசுக் கல்லின் மேல் உட்கார்ந்துவிட்டேன். "நாலணாவ ஆறாக்குனது நாந்தான் மச்சான்" என்றேன்.

"தெரியும். விலை ஏறுன அன்னைக்கே அவ கண்டுபிடிச்சுட்டா. கூட்டிப்புட்டான் பாருங்க பயன்னு சொன்னா. நாம மலைக்குப் போறதும் அவனுக்குத் தெரிய வேணாம், மனசு ஒடஞ்சு போவான்னா." மூட்டையை என் மடியில் வைத்தார். அதில் ஒரு சேலையும், சந்தையில் நான் என்றைக்கோ வாங்கிக் கொடுத்த சீப்பும் இருந்தன. அவர் என்னை ஒரு சொல் திட்டவில்லை. திட்டியிருந்தால் அன்றைக்குக் கொஞ்சம் சாப்பிட்டிருப்பேன்.

அந்த வேலையை விட்டுவிடவில்லை. விட்டேன் என்று எழுத ஆசைதான், ஆனால் எனக்கு வேறு வேலை தெரியாது. ஊர் ஊராக நேரில் போய்க் காட்டைப் பார்த்து எழுத ஆரம்பித்தேன். பொட்டிப்புரத்தைக் கடைசிக்குத் தள்ளிக்கொண்டே இருந்தேன்.

மச்சான் ஊரோடு வந்துவிட்டார். அடுத்த வருஷம் இரவல் மாடு வைத்து உழுது விதைத்தார். ஐப்பசியிலும் கார்த்திகையிலும் மழை வஞ்சகம் இல்லாமல் பெய்தது. பங்குனியில் பொட்டிப்புரத்துக்கு வண்டி பிடித்துப் போனேன். அப்படி ஒரு வெள்ளாமையை அந்த ஊரில் நான் பார்த்ததில்லை. இடுப்பளவு செடி, கிளை தாழ வெடித்த காய். பக்கத்துக் காடுகளில் பெண்கள் மடியில் பருத்தியைக் கட்டிக்கொண்டு எடுத்துக்கொண்டிருந்தார்கள். மச்சானுடைய காட்டில் அவர் மட்டும் தனியாக நின்று எடுத்தார். விரல்கள் வெடித்திருந்தன.

தாளை விரித்தேன். மாசியில் வேப்பமரத்தடியில் கேட்ட கேள்வியைத் திரும்பவும் கேட்க எனக்கு நாக்கு எழவில்லை. அவரே சொன்னார்.

"பதினாறு அணா."

சத்தமாகவே சொன்னார். பக்கத்துக் காட்டுக்காரர் நிமிர்ந்து பார்த்து, "ஏப்பா, வாயில வேற சொல்லு வரலையா? அதப் போயி அப்படிச் சொல்லுவாகளா?" என்று பதறினார். பதினொரு வருஷத்தில் ஒரு சம்சாரி வாயிலிருந்து அந்த எண்ணை நான் கேட்டது அந்த ஒரு தடவைதான்.

"எழுதிக்கங்க மாப்ள, பதினாறு" என்றார் மச்சான். "இனிமே கண்ணு பட எங்கிட்ட என்ன இருக்கு?"

எழுதினேன். எதையும் கூட்டவில்லை. இரண்டாம் நாள் தூத்துக்குடியிலிருந்து தந்தி வந்தது. பொட்டிப்புரத்துக்குப் பதினாறு என்று போட்டிருக்கிறதே, கைத்தவறா என்று கேட்டிருந்தார்கள். இல்லை, அந்த ஊர்ச் சம்சாரி சொன்னதுதான் என்று பதில் தந்தி கொடுத்தேன்.