ஐம்பது கிலோ எங்கிருந்து வந்தது

எடைமேடைத் தொழிலில் யாரையும் நம்பாதவன்தான் நல்ல வேலைக்காரன். லாரி மேடையில் ஏறும், கண்ணாடிக் கூண்டுக்குள் சிவப்பு எண் எரியும், சீட்டு அடித்துக் கொடுப்போம்; பார்க்கிறவர்களுக்கு அவ்வளவுதான். அந்த எண்ணைப் பொய் சொல்ல வைக்க எத்தனை வழி இருக்கிறது என்பது உள்ளே உட்கார்ந்திருப்பவனுக்குத்தான் தெரியும். விம்கோ நகர் தாண்டி எண்ணூர் போகிற ரோட்டில், பதினெட்டு வருஷமாக நான் அந்தக் கூண்டுக்குள் இருக்கிறேன். செக்போஸ்ட், டிக்கெட் கவுண்டர், பரீட்சை ஹால் என்று எங்காவது அடுத்தவரைச் சந்தேகப்பட்டே சம்பளம் வாங்குகிறவராக நீங்கள் இருந்தால், இந்த வியாதி சாயங்காலம் நம்மோடு வீட்டுக்கும் வரும் என்பதை நான் சொல்லத் தேவையில்லை. எனக்கு அது வீட்டையும் தாண்டி, ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்கும் கூடவே வர ஆரம்பித்துவிட்டது.

பின்சக்கரம்

முதலில் தொழிலைப் பற்றி ஒரு வார்த்தை. சரக்கோடு ஒரு தடவை எடை, இறக்கிவிட்டுக் காலியாக ஒரு தடவை எடை. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் சரக்கு. அதனால் பழைய இரும்பு ஏற்றி வருகிறவர்கள் காலி வண்டியை நிறுத்தும்போது பின்சக்கரத்தை மேடைக்கு வெளியே ஒரு சாண் விட்டுவிடுவார்கள். காலி எடை குறைந்தால் இரும்பு கூடும். சரக்கோடு வரும்போது தார்ப்பாய்க்கு அடியில் ஆளே படுத்திருப்பதும் உண்டு. ஒரு தடவை தார்ப்பாய் தும்மியது.

இதற்காகவே ஒவ்வொரு வண்டியையும் ஒரு சுற்று சுற்றி வந்துதான் சீட்டு அடிப்பேன். இடுப்பு நல்லாயிருந்த காலத்தில் என்று சேர்த்துக்கொள்ளுங்கள். ஐம்பது தாண்டியதும், தெரிந்த வண்டிகளுக்கு ஜன்னலிலிருந்து எட்டிப் பார்ப்பதோடு நிறுத்திக்கொண்டேன். ஜன்னலிலிருந்து வண்டியின் ஒரு பக்கம்தான் தெரியும். இதை நினைவில் வையுங்கள். நான் வைக்கவில்லை. பின்சக்கரத்தை வெளியே விட்ட ஒரு டிரைவரை நான் பிடித்து நிறுத்தியபோது, அவன் என் சட்டைப்பைக்கு மேல் தொங்கிய சின்னச் சிலுவையைப் பார்த்தான்.

"இன்னா சார், கிறிஸ்டின் ஆளு நீ, மன்னிச்சி வுட மாட்டியா?"

ஆறு மாசம்

போன அக்டோபரில் என் மனைவி ஜெபமணிக்குக் கழுத்தில் தைராய்டு கட்டியை எடுத்தார்கள். கட்டி போனது, கூடவே குரலும் போனது. குரலுக்குப் போகிற நரம்பு அடிபட்டிருக்கிறது, ஆறு மாதத்தில் திரும்பலாம், திரும்பாமலும் போகலாம், தினமும் பயிற்சி செய்யட்டும் என்றார் டாக்டர். ஜெபமணி எங்கள் சர்ச் பாடகர் குழுவில் இருபது வருஷமாகப் பாடுகிறவள். திருநெல்வேலிப் பக்கம் நான் பெண் பார்க்கப் போன அன்று, முகத்தைப் பார்ப்பதற்கு முன்னால் அடுத்த அறையிலிருந்து அவள் பாடியதைத்தான் கேட்டேன். இப்போது வாயைத் திறந்தால் காற்று மட்டும் வருகிறது. வீட்டு ஜெபத்தில் பாட்டை எடுப்பது அவள் வேலை. நான் பின்னாலேயே முனகுவேன். இப்போது வசனத்தை வாசித்து ஆமென் சொல்லி எழுந்துவிடுகிறோம்.

எனக்குக் கடவுள் மேல் கோபம். இதில் மறைக்க என்ன இருக்கிறது? இந்த ரோட்டில் நாள் முழுக்கக் கெட்ட வார்த்தை பேசுகிற எத்தனையோ தொண்டைகள் நன்றாக இருக்கின்றன. பாடுகிறவளின் தொண்டையாகப் பார்த்துக் கைவைத்தது எனக்குத் தற்செயலாகத் தெரியவில்லை. ஜெபமணியோ ஒரு ஞாயிறு தவறாமல் குழுவோடு போய்த் தன் பழைய இடத்தில் நின்று, சத்தமே வராத வாயை அசைத்துக்கொண்டிருந்தாள். அதைப் பார்க்க முடியாமல் நான் கடைசி பெஞ்சுக்கு மாறினேன். டாக்டர் சொன்னதை மாற்று ஷிப்ட் பார்க்கிற மூர்த்தியிடம் சொன்னேன். அவன் எனக்கு ஆறுதல் சொல்வான் என்று நினைத்தது என் தப்பு.

"ஆறு மாசம்னு டாக்டரு சொன்னா, அவருக்கே தெர்லன்னு அர்த்தம் மாமு."

எண்ணெய்க் குப்பி

விஷயம் ரோட்டில் பரவியது. ஒரு நாள் வெள்ளைச் சட்டை போட்ட ஒருவர் கூண்டுக்குள் வந்தார். எண்ணூரில் வீட்டு மாடியில் ஜெபக்கூட்டம் நடத்துகிறாராம். மனைவியின் பெயரைக் கேட்டுக்கொண்டு, என் தலைமேல் கைவைத்து, பத்து நிமிஷம் கண்ணீரோடு ஜெபித்தார். வெளியே மூன்று லாரி ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது. பிறகு சின்னக் குப்பியில் எண்ணெய் கொடுத்து, தொண்டையில் தடவச் சொன்னார்.

உண்மையைச் சொன்னால் எனக்கே கண் கலங்கிவிட்டது. யாரோ ஒருவர் வேலையை விட்டுவிட்டு வந்து என் வீட்டுக்காரிக்காக அழுகிறார் என்றால் மனசு இளகத்தானே செய்யும். குப்பியைப் பத்திரமாக மேஜை டிராயரில் வைத்தேன். வாசல்வரை போனவர், ஏதோ மறந்த மாதிரி திரும்பினார்.

"பிரதர், சாயங்காலம் நம்ம மணல் வண்டி ஒண்ணு வரும். கொஞ்சம் முன்ன பின்ன இருந்தா கண்டுக்காதீங்க."

தேசிங்கு

அதற்குப் பிறகு யார் 'ஜெபித்துக்கொள்கிறேன்' என்றாலும், எனக்கு முதலில் தோன்றிய கேள்வி, இவருக்கு எந்த வண்டி என்பதுதான். எங்களுக்காக உபவாசம் இருந்த பக்கத்து வீட்டு அம்மாவைக்கூட ஒரு வாரம் நோட்டம் விட்டேன். இந்த நிலைமையில்தான் தேசிங்கு.

தேசிங்கு மீன் கம்பெனியின் ஃப்ரீசர் லாரி ஓட்டுகிறவன், முகத்துவாரக்குப்பத்துக்காரன். காலையில் காசிமேட்டிலிருந்து மீனோடு வந்து எடை போடுவான். பக்கத்துக் குளிர்கிடங்கில் இறக்கிவிட்டு மத்தியானம் காலியாக வந்து மறுபடி எடை போடுவான். ஜெபமணி எனக்குச் சாப்பாடு கொண்டு வருகிற நேரமும் அதுதான். பார்த்தால் அவளை விசாரிப்பான். வலை போட்ட குடும்பம் அவனுடையது. அனல்மின் நிலையத்துச் சாம்பல் ஆற்றில் இறங்கி மீன் குறைந்ததும் இவன் மட்டும் லாரிக்கு வந்துவிட்டான்; அண்ணன்மார் இன்னும் படகில்தான் போகிறார்கள். மீனே இல்லாத ஆற்றில் எதற்கு வலை என்று ஒரு நாள் கேட்டேன். அன்றைக்கு எனக்கிருந்த எரிச்சலில், கேள்வி அவன் அண்ணன்மாருக்கு மட்டுமானதில்லை. அவன் என்னை ஒரு மாதிரி பார்த்தான்.

"மீன் கீதான்னு கேட்டுகினா சார் வலை போடுவாங்கோ? போட்டாத்தானே தெரியும்."

ஐந்தாம் வார்த்தை

எங்கள் சர்ச்சில் பெரிய வெள்ளியன்று, சிலுவையில் சொல்லப்பட்ட ஏழு வார்த்தைகளை வைத்து மத்தியானம் மூன்று மணி நேரம் ஆராதனை நடக்கும். ஒவ்வொரு வார்த்தைக்கும் ஒரு பிரசங்கம், ஒருவர் தனியாக ஒரு பாட்டு. லெந்து என்கிற நாற்பது நாள் தபசுகாலம் ஆரம்பித்து இரண்டு வாரத்தில் பட்டியல் ஒட்டினார்கள். ஐந்தாம் வார்த்தை, அதாவது தாகத்தைப் பற்றியது, அதற்கு நேராக 'திருமதி ஜெபமணி' என்று இருந்தது. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. குரல் இல்லாதவளை முந்நூறு பேர் முன்னால் நிறுத்திப் பரிதாபம் தேடுகிறார்களா? இல்லை, அவள் பாட முடியாமல் நின்றுவிட்டால் அடுத்த வருஷம் வேறு யாரையோ கொண்டுவரவா?

பாடகர் குழுவை நடத்துகிற ஆசீர்வாதம் சார் துறைமுகச் சரக்கு ஏஜென்சியில் வேலை பார்க்கிறவர். எடைச் சீட்டு வாங்க வாரம் இரண்டு தடவை என் கூண்டுக்கு வருவார். ஊர்ப்பக்கத்துக்காரர்தான். சீட்டைக் கையில் கொடுக்காமல் பிடித்துக்கொண்டே, யார் சொல்லி இவள் பெயரைப் போட்டீர்கள் என்று கேட்டேன். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவர் அப்படிச் செய்தால் சங்கடமான பதில் வரும்.

"நான் கேக்கல தம்பி. என் பேரைப் போடுங்கன்னு அவங்களே ஒரு தாள்ல எழுதிக் கொண்டாந்து குடுத்தாங்க."

காலி வண்டிக்கு எதற்குக் குளிர்

வீட்டில் கேட்டேன். ஜெபமணி சிரித்துக்கொண்டு தண்ணீர் குடித்தாள். அவள் பயிற்சி செய்து நான் ஒரு நாளும் பார்த்ததில்லை; பயிற்சியே செய்யாமல் பாடிவிடலாம் என்று எந்த தைரியத்தில் இருக்கிறாள்? பெரிய வெள்ளி நெருங்க நெருங்க எனக்குச் சோறு இறங்கவில்லை. அங்கே அவளால் பாட முடியாமல் போனால், குரலோடு அந்த நம்பிக்கையும் போய்விடும். என்னுடையது ஏற்கெனவே ஆட்டம் கண்டிருந்தது. அவளுடையதும் போனால் வீட்டில் யாரைப் பிடித்துக்கொண்டு நிற்பது என்பதுதான் என் பயம்.

அந்தச் சமயத்தில்தான் தேசிங்கின் வண்டி என் கண்ணில் குத்தியது. அதன் காலி எடை ஏழாயிரத்து அறுநூற்று இருபது, எனக்கு மனப்பாடம். ஒரு மாதத்துக்கு மேலாக மத்தியானங்களில் இருபதுக்குப் பதில் எழுபது என்று ஐம்பது கிலோ கூடுதலாகக் காட்டிக்கொண்டிருந்தது. டீசல் ரொப்பியிருப்பான் என்று முதலில் விட்டேன். ஆனால் தினமுமா ரொப்புவான்? அதோடு, மீனை இறக்கிய பிறகும் ஃப்ரீசர் மோட்டாரை அவன் அணைப்பதே இல்லை. காலி வண்டிக்கு எதற்குக் குளிர் என்று கேட்டால், "நாத்தம் புடிக்கும் சார்" என்று வேறு பக்கம் பார்ப்பான். கணக்கு எனக்குப் புரிந்துவிட்டது. தினம் ஐம்பது கிலோ மீனை இறக்காமல் உள்ளேயே ஒளித்து வைத்து வெளியே விற்கிறான். அக்கா எப்படி இருக்கிறது என்று விசாரித்ததெல்லாம் இதற்குத்தான்! மணல் வண்டிக்காரர் எண்ணெய்க் குப்பி கொடுத்தார், இவன் வாய்வார்த்தை கொடுக்கிறான்.

பெரிய வெள்ளிக்கு முந்தின திங்கள்கிழமை, சாப்பாட்டுத் தூக்கைக் கொடுத்துவிட்டு ஜெபமணி கிளம்பியதும், தேசிங்கின் வண்டி மேடையில் ஏறியது. எழுபது. கூண்டை விட்டு இறங்கி, பின்கதவைத் திறக்கச் சொன்னேன். தேசிங்கு முழித்தான். வேண்டாம் சார் என்றான். அது போதாதா எனக்கு? நானே கொக்கியைத் தூக்கித் திறந்தேன். உள்ளே ஒரு மீன் செதில்கூட இல்லை. கேபினுக்குள் ஏறிப் பார்க்கிற வேகத்தில் வண்டியைச் சுற்றி அந்தப் பக்கம் போனேன். பல வருஷமாக நான் போகாத பக்கம்.

வண்டி நிழலில், மேடை விளிம்பில், காலைத் தரையில் ஊன்றி உட்கார்ந்திருந்தாள் என் மனைவி. கண்ணை மூடியிருந்தாள். தலைக்கு மேல் மோட்டார் இரைந்துகொண்டிருந்தது. கழுத்து நரம்பு புடைக்கப் பாடிக்கொண்டிருந்தாள். கிட்டப் போனதும் எனக்குக் கேட்டது: கரகரவென்று, அறுந்து அறுந்து, ஆனால் பாட்டு. என் கால் அங்கேயே நின்றுவிட்டது. கண்ணைத் திறந்தவள் என்னைப் பார்த்துப் பதறினாள். "வீட்ல பாடினா நீங்க என் முகத்தையே பாத்துட்டிருப்பீங்க. இன்னும் வரலியான்னு. அதான் பயமா இருந்துச்சு. இங்க சத்தத்துல யாருக்கும் கேக்காதுல்லா" என்றாள், பாதி காற்றும் பாதி குரலுமாக. திருடனைப் பிடிக்க வந்தவன் நின்று அழுதேன். தேசிங்கு பின்கதவைச் சாத்திவிட்டு மெதுவாக வந்தான்.

"அக்காதான் மோட்டாரை ஆஃப் பண்ணாதன்னு கையக் காட்டிச்சி. மொதல்ல காத்துதான் சார் வந்துச்சி, இப்போ மோட்டாரையும் தாண்டி கேக்குது. உனக்குத்தான் கேக்கல, கண்ணாடிய மூடிகினு கீற."

வெள்ளிக்கிழமை

தொழிலில் எனக்கு அதைவிடப் பெரிய அவமானம் நேர்ந்ததில்லை. மனைவியின் எடையையும் காலி வண்டியோடு சேர்த்து, ஒன்றரை மாதமாக மீன் கம்பெனிக்கு எடையைக் குறைத்துச் சீட்டு அடித்தது நான்தான். எங்கள் முதலாளியோடு போய் அவர்களிடம் சொன்னேன். திட்டினார்கள், பிறகு சிரித்தார்கள். ஜெபமணியை மேடையை விட்டு ஒரு முழம் தள்ளி ஸ்டூல் போட்டு உட்கார வைத்தேன். கண்ணாடி ஜன்னலைத் திறந்து வைத்தேன்; தூசிதான், இருந்தாலும். பாடும்போது முகத்தைப் பார்க்க மாட்டேன் என்று அவளுக்கு வாக்கும் கொடுத்தேன்.

பெரிய வெள்ளியன்று மூன்றாவது பெஞ்சுக்கு வந்து உட்கார்ந்தேன். ஐந்தாம் வார்த்தைக்கு அவள் எழுந்தபோது, சொன்ன சொல் தவறாமல் அவள் முகத்தைப் பார்க்காமல் என் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தேன். முதல் இரண்டு வரி வெறும் காற்று. யாரோ மின்விசிறியை நிறுத்தினார்கள். மூன்றாவது வரியில் பிடித்துக்கொண்டது. பழைய குரல் இல்லை. கீழே இறங்கிய, சொரசொரப்பான வேறு ஒரு குரல். கடைசி வரிவரைக்கும் போனாள். நான் ரொம்ப நாளைக்குப் பிறகு வாய்விட்டு ஆமென் சொன்னேன், எதற்கு என்று முழுசாகத் தெரியாமலே. வெளியே வந்தால், சலவைச் சட்டையில் வாசற்படியோரம் செருப்பைக் கையில் பிடித்தபடி தேசிங்கு.

"மோட்டாரு இல்லாம இன்னிக்குதான் சார் கேக்கறேன். நல்லாத்தான் கீது, இன்னும் கொஞ்சம் ரிப்பேரு பாக்கி கீது."

பதினெட்டு வருஷம் சந்தேகத்தையே தொழிலாகச் செய்தும், என் மேடையில் ஏறி உட்கார்ந்திருந்தது என் சொந்த மனைவிதான் என்று கண்டுபிடிக்க எனக்கு ஒன்றரை மாதம் ஆனது என்றால், கடவுளைச் சந்தேகப்பட்டு நான் என்ன கண்டுபிடித்திருப்பேன் என்று நீங்களே சொல்லுங்கள்.