அருளானந்தம் எழுதிய நன்றிக் கடிதம்

என் அக்காள் பிலோமினம்மாளின் புருஷன் அருளானந்தத்தை எனக்குப் பிடிக்காது. செத்தவரைப் பற்றி இப்படிச் சொல்லக் கூடாது என்பார்கள். சொல்லத்தான் போகிறேன்.

சிங்கப்பூரில் ஜூரோங் கப்பல் பட்டறையில் வெல்டர். தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று சாதிக்கிற மனுஷன். ஃபேரர் பார்க் வீட்டில் குழம்புக்கு உப்புப் போடுவதுகூட அவர் சொன்னபடிதான்.

1984இல் கம்பெனி கிளினிக்கில் ஐம்பது வயதைத் தாண்டியவர்களுக்கு மலப் பரிசோதனை செய்தார்கள். அவருடையதில் கண்ணுக்குத் தெரியாத ரத்தம் இருந்தது. பெரிய ஆஸ்பத்திரியில் குடலுக்குள் குழாய் விட்டுப் பார்க்கத் தேதியும் கொடுத்தார்கள். பின்பக்கமாக என்றதும் அவருக்கு மானம் போய்விட்டது. மாதா கோயிலில் ஒன்பது சனிக்கிழமை நவநாள் ஜெபத்துக்குப் போவதாக நேர்ந்துகொண்டார். அது முடியட்டும், அப்புறம் பார்க்கலாம் என்றார். நவநாளுக்குப் போகட்டும், வேண்டாமென்று யார் சொன்னது? ஆஸ்பத்திரிக்குப் போகாதே என்று மாதாவா சொன்னாள்?

ஒன்பதாம் வாரம் அவர் செய்த காரியம்தான் குடியைக் கெடுத்தது. வயிற்றில் வலி இல்லை, அதனால் சுகமாகிவிட்டது என்று தானே முடிவு கட்டி, வேண்டுதல் பலித்தவர்கள் மாதாவுக்கு எழுதுகிற நன்றிக் கடிதத்தை எழுதிக் கோயில் பெட்டியில் போட்டார். சாமியார் அதைப் பூசையில் எல்லார் முன்னாலும் பேரோடு வாசித்தார். வெளியே வந்ததும் ஆளாளுக்குக் கை கொடுத்தார்கள். இனி எந்த முகத்தோடு ஆஸ்பத்திரிக்குப் போவார்? கிளினிக் நர்ஸ் நாலு தடவை போன் செய்தாள். வீட்டில் இல்லை என்று அக்காளைச் சொல்ல வைத்தார். நான் நேரில் போய்க் கத்தினேன்.

“கோயில்ல படிச்சாச்சு மதலேனா. இப்பப் போய்ப் படுத்தா என்னைப் பொய்யன்னு சொல்வாங்க லா.”

பதினொரு மாதம் கழித்துப் பட்டறையில் சுருண்டு விழுந்தார். வயிற்றைத் திறந்து பார்த்துவிட்டு, புற்று ஈரல்வரை பரவிவிட்டது என்று மூடிவிட்டார்கள். கொடுத்த தேதியில் வந்திருந்தால் வெட்டி எடுத்திருக்கலாம் என்றார் டாக்டர். கோயில்காரர்களிடம் அல்சர் என்று சொல்லச் சொன்னார் அத்தான்.

வார்டுக்கு இஞ்ஞாசி வந்தார். அதே பட்டறை, அதே கோயில். அவருக்கும் இந்த வருஷப் பரிசோதனையில் ரத்தம் வந்ததாம். அத்தானுக்குச் சுகமானதைக் கேட்டு, தானும் டாக்டரிடம் போகாமல் ஐந்து சனிக்கிழமை முடித்துவிட்டாராம். பெருமையாகச் சொன்னார். நான் அத்தானையே பார்த்தேன். ஒரு வார்த்தை சொன்னால் அந்த ஆள் பிழைப்பார். அத்தான் போர்வையைச் சரிசெய்துகொண்டிருந்தார்.

முப்பது வருஷமாக எதிர்த்துப் பேசாத அக்காள் பேசினாள்.

“அல்சர் இல்ல அண்ணே, கேன்சர். இவரு டெஸ்ட்டுக்குப் போகவே இல்ல. அந்தக் கடிதம் பொய். நீங்க நாளைக்கே போங்க.”

இஞ்ஞாசி போனார். கட்டி சின்னதாக இருக்கும்போதே எடுத்துவிட்டார்கள். அத்தான் அதன் பிறகு பத்தொன்பது நாள் உயிரோடு இருந்தார். அக்காள்தான் துடைத்தாள், ஊட்டினாள். அவளோடு ஒரு வார்த்தை பேசாமலே செத்தார்.