பாஸ்வேர்டுக்கு ஓர் அர்ச்சனை

புக்கிட் பெருவாங்கில் கணினி வகுப்பு நடத்திய தேவமலர் எதற்கும் எரிந்துவிழுவாள். 1997இல் ஒரு கோயில் திருப்பணிக் குழுவும் ஒரு பள்ளிக் கட்டட நிதிக் குழுவும், நன்கொடையாளர் விவரம் யார் கணினியில் பத்திரமாக இருக்கிறது என்று மோதிக்கொண்டு, அவளை நடுவராக அழைத்தன.

ரெம்பியாவில் பள்ளிக் குழுவின் கணினி இன்னும் அட்டைப்பெட்டியிலிருந்தே வெளியே வரவில்லை. "உள்ள ஒரு பேரும் இல்ல. எவன் திருடுவான் லா?" என்றார் செயலாளர்.

டுரியான் துங்கால் கோயிலில் கணினிக்குச் சந்தனப் பொட்டு வைத்திருந்தார்கள்.

"பாஸ்வேர்ட் எனக்கும் ஐயருக்கும் மட்டுந்தாம்மா தெரியும்," என்றார் தலைவர் வீராசாமி.

"ஐயருக்கு எதுக்கு அங்கிள்?"

"பாஸ்வேர்ட் பேர்ல வெள்ளிக்கிழமை அர்ச்சனை பண்றாரு. அதுக்குப் பாதுகாப்பு வேணாமா?"

அன்று வெள்ளிக்கிழமை. கோயில் ஒலிபெருக்கி பாஸ்வேர்டை நட்சத்திரத்தோடு ஊர் முழுவதற்கும் அறிவித்தது.

தேவமலர் அட்டைப்பெட்டிக்கு முதல் பரிசு கொடுத்தாள்.