சராசரிக்கு மேலே ஐந்து பவுண்டு

என் தங்கை ஜெயகுமாரி இந்த நாட்டில் ஜெயித்தவற்றை முதலில் எழுதிவிடுகிறேன். கார் ஓட்டும் உரிமம், நான்காவது தேர்வில். மூன்றாவதில் தேர்வு வைத்தவர் பாதியிலேயே இறங்கி நடந்து போய்விட்டார். கிரீன் கார்டு, பதினோரு வருடம் காத்திருந்து. ஒரே மதியத்தில் அறுபத்து மூன்று தேனீக் கொட்டு வாங்கி, மறுநாள் காலை ஆராதனையில் பாட்டுக்குழுவில் நின்றது. உதடு வீங்கியிருந்ததால் அன்றைக்குப் பாட்டு வழக்கத்தைவிட நன்றாக இருந்ததாகச் சிலர் சொன்னார்கள். எங்கள் கவுண்டி கண்காட்சியில் தேனுக்கு மூன்றாம் பரிசு. போட்டியிட்டவர்கள் நான்கு பேர்தான். நான்காவது ஆளின் பாட்டிலில் எறும்பு கிடந்ததும் உண்மைதான். ஆனால் எறும்பு இல்லாமல் தேன் அடைப்பதும் ஒரு திறமை.

நான் அவளுக்கு ஏழு வயது மூத்தவள். எட்டாம் வகுப்போடு நின்றவள். மார்த்தாண்டத்தில் தேன் சங்கத்தில் இருபத்திரண்டு வருடம் எடை போட்டேன். தராசு முள் நிற்பதற்கு முன்னால் ஒருநாளும் எண்ணைச் சொன்னதில்லை. என் மகள் ஜெபினா ஹூஸ்டனில் நர்ஸ். அவள் மூலமாக 2018இல் இங்கே வந்தேன். அன்று முதல் ஜெயகுமாரியின் தேனை நான்தான் எடை போட்டு நோட்டில் எழுதுகிறேன்.

தேனீக்கள் எங்கள் குடும்பத்துக்குள் தேனுக்காக வரவில்லை, வரிக்காக வந்தன. ஜெயகுமாரியின் கணவர் தேவதாஸ் மென்பொருள் வேலை பார்ப்பவர். ஊருக்கு மேற்கே ஆறு ஏக்கர் வாங்கிப் போட்டார். வீடு கட்ட அல்ல, விலை ஏற. டெக்சாஸில் வெறும் நிலத்துக்கு வரி அதிகம், விவசாய நிலத்துக்குக் குறைவு. சில தேனீப் பெட்டிகளை வைத்தால் நிலம் விவசாய நிலமாகிவிடும். இந்த ரகசியத்தை அவருக்குச் சொன்னவர் அலுவலக நண்பர் சுந்தரராமன்.

"மாடு வச்சாலும் குறைப்பான். ஆனா மாட்ட யாரு மெயின்டெயின் பண்றது? தேனீன்னா அதுவே போயி அதுவே சாப்ட்டுட்டு வந்துடும்" என்றாராம்.

தேவதாஸுக்குத் தேனீ என்றால் பயம். காரின் கண்ணாடியை முழுக்க ஏற்றிவிட்டு உள்ளே உட்கார்ந்து விவசாயம் பார்த்தார். பெட்டியைத் திறந்தவள் ஜெயகுமாரி. அப்போது அவள் டிபென்டென்ட் விசாவில் இருந்தாள், கணவர் பெயரில்தான் எதுவும் செய்ய முடியும். ஆகவே பெட்டியும் தேனும் காகிதத்தில் தேவதாஸுடையவை. அடுத்த வருடம் கிரீன் கார்டு வந்தபோதும் அதை மாற்ற யாருக்கும் தோன்றவில்லை. கொட்டு அவளுக்கு, கையெழுத்து அவருக்கு என்று நடந்தது.

ஆறு பெட்டியில் தொடங்கினாள். செய்தி பரவி, நிலம் வாங்கிப் போட்ட தமிழ்க் குடும்பங்கள் ஒவ்வொன்றாகக் கூப்பிட்டன. எட்டுக் குடும்பங்களின் நிலத்தில் அவள் பெட்டிகளை வைத்து, வாரம் ஒருமுறை போய்ப் பார்த்துவந்தாள். அவர்கள் அதற்குக் கட்டணம் கொடுத்தார்கள். தேனீயைப் பற்றி அவர்கள் வைத்திருந்த எண்ணத்துக்கு ஒரு உதாரணம் போதும். நிலத்தோடு வீடும் கட்டியிருந்த ஷ்யாமளா ஒரு புதன்கிழமை போன் செய்தாள்.

"ஜெயா ஆன்ட்டி, சாட்டர்டே ஆர்யனுக்கு பர்த்டே. பூல் பார்ட்டி. அன்னிக்கு ஒரு நாள் மட்டும் தேனீய வேற எங்கயாவது மூவ் பண்ண முடியுமா?"

"சொல்லிப் பாக்கேன் ஷ்யாமளா. அதுங்களுக்கு வீக்கெண்ட் லீவு கெடையாதுல்லா."

இனி எண்கள். 2018இல் ஆறு பெட்டி, பெட்டிக்கு நாற்பத்தாறு பவுண்டு. 2020இல் முப்பத்து மூன்று பெட்டி, நாற்பத்தொன்று. மழை பொய்த்த 2022இல் அறுபது பெட்டி, முப்பது. 2024இல் எண்பத்து நான்கு பெட்டி, பத்தொன்பது. பெட்டி பதினான்கு மடங்கானது. தேன் ஆறு மடங்குகூட ஆகவில்லை. பூத்துக்கிடந்த காடுகளை வெட்டி வீடு கட்டினார்கள். அந்த வீடுகளுக்குக் குடிவந்தவர்கள் ஊருக்கு வெளியே நிலம் வாங்கி, வரிக்காகத் தேனீப் பெட்டி கேட்டார்கள். ஒரு பவுண்டு பாட்டில் ஒன்பது டாலரிலிருந்து பதினேழுக்கு ஏறியது. தேன் குறைந்ததால் விலை ஏறியது என்று ஜெயகுமாரி சொல்வாள். ஆர்கானிக் என்பதால் ஏறியது என்று வாங்குகிறவர்கள் சொல்வார்கள்.

ஒவ்வொரு ஜனவரியிலும் அரசாங்கத்திலிருந்து தேன் கணக்கெடுப்புப் படிவம் வரும். எத்தனை பெட்டி, பெட்டிக்கு எவ்வளவு, என்ன விலைக்கு விற்றீர்கள். தேவதாஸ் அதைச் சாப்பாட்டு மேசையில் வைத்து நிரப்புவார். 2025 ஜனவரியிலும் நிரப்பினார்.

"குமாரி, பெட்டிக்கு எவ்ளோ?"

"பத்தொம்பது. அக்கா எழுதி வச்சிருக்கா."

"பத்தொம்பதா? ஸ்டேட் ஆவரேஜ் எவ்ளோன்னு தெரியுமா?"

"தேன் அவ்வளவுதான் வந்துது. நான் என்ன, தேனீட்ட போயி சண்டை போடவா?"

"நம்ம ஜெரிஷ் எந்தப் பரீட்சைலயாவது ஆவரேஜுக்குக் கீழ வாங்கியிருக்கானா? அவன் அப்பன் மட்டும் கீழ எழுதணுமா?"

"எடை போட்டது நானாக்கும்" என்றேன்.

"மைனி, இது சும்மா சர்வே. யாரும் வந்து நக்கிப் பாக்க மாட்டான்."

முந்தைய வருடம் அரசாங்கம் வெளியிட்ட சராசரியைத் தேடி எடுத்து, ஐந்து கூட்டி எழுதினார். எல்லா வருடமும் அப்படித்தான். சுந்தரராமனுக்கும் படிவம் வரும். அவர் பொங்கல் விழாவில் தேவதாஸைக் கண்டுபிடித்து, எவ்வளவு எழுதினார் என்று கேட்டு, அதைவிட இரண்டு கூட்டி எழுதுவார். அவர் எழுதுவதும் இதே பெட்டிகளைத்தான். தம் நிலத்தில் நிற்பதால் தம்முடையவை என்று அவர் நினைத்தார். ஒரே தேனீ இரண்டு வீடுகளுக்காக இரண்டு விதமாக உழைத்தது. இரண்டு வீட்டிலும் சராசரியைத் தாண்டியது.

அதே வாரத்தில் இன்னொரு காகிதமும் உண்டு. விவசாய அலுவலகத்துக்கு, உயிரோடு உள்ள பெட்டிகள் இத்தனை என்று கொடுக்கும் உறுதிமொழி.

"பெட்டி எல்லாம் நிக்குதுல்ல?" என்று கேட்டார் தேவதாஸ்.

"நிக்குது. குளிரு கொறஞ்ச பெறகு தொறந்து பாத்தாதான் உள்ள என்னன்னு தெரியும். ரெண்டு வாரம் பொறுங்க."

"நின்னாப் போதும்."

எண்பத்து நான்கு என்று எழுதிக் கையெழுத்திட்டார். தேதி ஜனவரி 15.

பிப்ரவரி மூன்றாம் தேதி வெயில் வந்தது. நானும் ஜெயகுமாரியும் பெட்டிகளைத் திறக்கப் போனோம். முதல் பெட்டியில் தேன் அப்படியே இருந்தது, தேனீ இல்லை. இரண்டாவதில் ஒரு கையளவு கிடந்தன, ராணியைச் சுற்றி, செத்து. எல்லா இடத்தையும் பார்த்து முடிக்க நான்கு நாள் ஆனது. எண்பத்து நான்கில் நாற்பத்தேழு காலி. கிடந்தவை காய்ந்திருந்த விதத்தைப் பார்த்து, புது வருடத்துக்கு முன்னாலேயே செத்தவை என்றாள் ஜெயகுமாரி. ஒவ்வொரு மூடியையும் பழையபடி போட்டு, காற்றுக்குப் பறக்காமல் அதன்மேல் செங்கல்லையும் வைத்தாள்.

அந்தக் குளிரில் பலருக்கும் இப்படித்தான் என்று பின்னால் கேள்விப்பட்டோம். வழக்கத்துக்கு மேல் செத்தால் அரசாங்கம் நிவாரணம் தரும்; அதை வைத்துப் புதுத் தேனீக் கூட்டங்கள் வாங்கலாம். வசந்தத்துக்குள் வாங்காவிட்டால் இத்தனை வருடத் தொழில் முப்பத்தேழு பெட்டியோடு நின்றுவிடும். ஆனால் காகிதத்தின்படி ஜனவரி 15இல் எண்பத்து நான்கும் நலமாக இருந்தன. அந்தக் காகிதம் தப்பு என்று யாராவது எழுதிக் கொடுக்கவேண்டும்.

"என்னால முடியாது குமாரி" என்றார் தேவதாஸ். "ஏப்ரல்ல சிட்டிசன்ஷிப் இன்டர்வியூ. அரசாங்கத்துக்கு எப்பவாவது தப்பான தகவல் குடுத்திருக்கீங்களான்னு ஒரு கேள்வியே இருக்கு."

"குடுத்திருக்கியள்லா?"

"அதனாலதான் சொல்றேன்."

விஷயம் பரவி, அந்தச் சனிக்கிழமை எட்டுக் குடும்பங்களும் ஷ்யாமளா வீட்டில் கூடின. செத்த வீட்டுக்கு வருவதுபோல முகத்தை வைத்துக்கொண்டு வந்தார்கள். துக்கம் வரியைப் பற்றியது. உயிருள்ள பெட்டிகள் குறைந்தது தெரிந்தால் சலுகை போகும், பழைய வருடங்களுக்கும் சேர்த்துக் கேட்பார்கள் என்று அவர்களுக்குப் பயம்.

"கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்கோ" என்றார் சுந்தரராமன். "பெட்டி இருக்கு. உள்ள என்ன இருக்குன்னு எந்த ஆஃபீசர் கைய விட்டுப் பாக்கப்போறான்?"

"சார், உங்க எடத்துல எட்டு பெட்டி. ஏழு காலி."

"காலிப் பெட்டியும் பெட்டிதானே?"

"எனக்கென்னவோ காலியா இருக்கறது நல்லதுன்னு தோணுது ஆன்ட்டி" என்றாள் ஷ்யாமளா. "நாய் கொட்டு வாங்காது."

ஜெயகுமாரி கையில் இருந்த காபியைக் கீழே வைத்தாள். "அப்போ தேனீ இல்லாத பெட்டிய நான் வாரா வாரம் வந்து பாக்கணுமா?"

"வரவே வேண்டாம், ரெஸ்ட் எடுங்கோ. ஃபீஸ் அப்படியே குடுத்துடறோம்" என்றார் சுந்தரராமன். எல்லோரும் தலையாட்டினார்கள். அவர்கள் தாராளமாகத்தான் பேசினார்கள். அதில் குறை சொல்ல முடியாது.

திரும்பும் வழியில் அவள்தான் ஓட்டினாள். ஃப்ரீவேயில் ஏறியபிறகு சொன்னாள்.

"அக்கா, இவங்களுக்குத் தேனீ வேண்டாம். பெட்டி போதும்."

"உனக்கு?"

"எனக்குப் பெட்டி என்னத்துக்கு? நான் என்ன ஆசாரியா?"

ஒரு செவ்வாய்க்கிழமை காலை விவசாய அலுவலகத்துக்குப் போனோம். ஜெபினா லீவு போட்டுவிட்டு மொழிபெயர்க்க வந்தாள். தேவதாஸ் வரவில்லை, தடுக்கவும் இல்லை. கார் சாவியை எடுத்துக் கொடுத்தார், அதை நான் அவருக்குச் சாதகமாகவே எழுதுகிறேன். அங்கே இருந்த அதிகாரி வயதான வெள்ளைக்கார அம்மா. கோப்பில் தேவதாஸ் என்ற பெயரைப் பார்த்துவிட்டு, அவர் எங்கே என்று கேட்டார்.

ஜெயகுமாரி சொல்லச் சொல்ல ஜெபினா சொன்னாள். கோப்பில் உள்ளவர் பெட்டியைத் திறந்ததில்லை. திறப்பவள் நான். ஜனவரியில் எழுதிய எண் திறந்து பார்க்காமல் எழுதியது. செத்தவை நாற்பத்தேழு. ஒரு பெட்டிக்குத் தேன் பத்தொன்பது பவுண்டு.

"சித்தி, தேன் கணக்கு இவங்க கேக்கவே இல்ல" என்று ஜெபினா மெல்லச் சொன்னாள்.

"கேக்கலேன்னாலும் சொல்லு."

என் நோட்டைக் கொடுத்தேன். எழுத்து தமிழில் இருந்தாலும் எண்கள் அந்த அம்மாவுக்குப் புரிந்தன. பிப்ரவரிப் பக்கத்தில் விரலை வைத்து, பெரிய நஷ்டம், வருத்தப்படுகிறேன் என்றார். பிறகு, தேனீ வளர்ப்பவர் இவர் என்றால் இவர் பெயரில் புதுக் கோப்பு திறந்து, நிவாரணத்துக்கும் இவரே விண்ணப்பிக்கவேண்டும் என்று இரண்டு தாளை நீட்டினார்.

"இங்க சித்தி. தேனீ வளர்ப்பவர்னு போட்டிருக்குல்ல, அதுக்கு நேரா."

"முழுப் பேராட்டா, இனிஷியலா?"

"முழுசா."

எழுதி முடிக்க அவளுக்கு அரை நிமிடம் ஆகியிருக்கும். லைசென்ஸ், கிரீன் கார்டு எல்லாவற்றிலும் கையெழுத்திட்டவள்தான். தேனீயைப் பற்றிய ஒரு காகிதத்தில் இடுவது முதல்முறை.

அடுத்து நடந்தவை. தேவதாஸின் குடியுரிமை நேர்காணல் பன்னிரண்டு நிமிடத்தில் முடிந்தது; தேனீ என்ற பேச்சே வரவில்லை. வரி அலுவலகத்திலிருந்து யாரும் எந்த நிலத்துக்கும் வரவில்லை. ஆனாலும் ஐந்து குடும்பங்கள் எங்களை விட்டுவிட்டு வேறொருவரிடம் போயின. அவருடைய பெட்டிகள் மஞ்சள் வர்ணம் பூசியவை, பார்க்க மிக அழகு. அவற்றின் பக்கத்தில் நின்றால்கூட எதுவும் கொட்டுவதில்லையாம். சுந்தரராமன் முதலில் போனார். ஷ்யாமளா போகவில்லை. மகன் ஆர்யன் கல்லூரி விண்ணப்பக் கட்டுரையில் தேனீ வளர்ப்பைப் பற்றி எழுதியிருந்தான், அட்மிஷன் வரும்வரையாவது தேனீ இருக்கட்டும் என்றாள்.

புதுக் கூட்டம் வாங்க வழியில்லாததால், இருந்த முப்பத்தேழில் பலமானவற்றை ஜெயகுமாரி ஏப்ரலில் இரண்டிரண்டாகப் பிரித்தாள். ஐம்பத்தெட்டு ஆனது. பூ அதேதான், குடிக்க வந்த வாய் குறைவு. ஜூலையில் பெட்டிக்கு முப்பத்தொரு பவுண்டு வந்தது. மொத்தம் ஆயிரத்து எழுநூற்றுத் தொண்ணூற்றெட்டு. எண்பத்து நான்கு பெட்டி தந்ததைவிட இருநூற்று இரண்டு பவுண்டு அதிகம். முள் நிற்கும்வரை பார்த்துத்தான் எழுதினேன்.

அடுத்த ஜனவரியில் கணக்கெடுப்புப் படிவம் அவள் பெயருக்கு வந்தது. முப்பத்தொன்று என்று எழுதினாள். தேவதாஸ் பின்னால் நின்று பார்த்தார்.

"குமாரி, ஆவரேஜுக்கு இன்னும் கொஞ்சம்தான்..."

"நீங்க போயி காபி போடுங்க."

நிவாரணத்துக்கான பதில் பதினோரு மாதம் கழித்து வந்தது. மிகவும் மரியாதையான கடிதம். இழப்பு உண்மை என்று ஏற்றுக்கொண்டார்கள், எங்கள் பதிவுகளின் துல்லியத்தைப் பாராட்டினார்கள், ஒரு டாலரும் தர இயலாது என்றார்கள். அவர்கள் கணக்கில் தேனீக்கள் இறந்தது பிப்ரவரியில். விண்ணப்பித்தவர் பிப்ரவரியில் தேனீ வளர்ப்பவராக இல்லை. ஜெபினா இரண்டுமுறை வாசித்துக் காட்டினாள். ஜெயகுமாரி ஒருமுறைதான் கேட்டாள். பிறகு சிரித்தாள், கண்ணைத் துடைத்தாள், தேன் வடிகட்டும் அறைச் சுவரில் அதை ஒட்டச் சொன்னாள். ஏழு வருடம் அவள் வாங்கிய கொட்டுகள் எந்தக் கோப்பிலும் இல்லை. ஆனால் அந்தக் கடிதத்தின் முதல் வரியில் அவள் முழுப்பெயர் இருக்கிறது. இரண்டாவது வரியில் அவள் தேனீ வளர்க்கத் தொடங்கிய நாள் என்று, அவள் முதன்முதலில் கையெழுத்திட்ட தேதியைப் போட்டிருக்கிறார்கள்: 2025 மார்ச் 11.