வெள்ளைச் சேலை எடுக்கப் போன கதை

கல்யாணச் சேலை எடுத்த பெருமையை யாராவது பேச ஆரம்பித்தால் நான் எழுந்து குசினிப் பக்கம் போய்விடுவேன். பெண்ணுக்குப் பிடித்ததைத்தான் எடுத்தோம் என்பார்கள். நாலைந்து பேர் உட்கார்ந்து ஒன்றை முடிவு செய்வார்கள். பிறகு அதைப் பெண்ணின் தோளில் போட்டு, பிடித்திருக்கிறதா என்று கேட்பார்கள். அவள் தலையை ஆட்டுவாள். அதற்குப் பெயர் அவளுக்குப் பிடித்தது. என் காலத்திலும் இதே கூத்துதான், இன்றும் இதே கூத்துதான். இன்றைக்குக் கடையில் ஏசி போட்டிருக்கிறார்கள், அவ்வளவே வித்தியாசம்.

எனக்குக் கல்யாணம் நிச்சயமானபோது வயது இருபத்தாறு. தூத்துக்குடியில் புதுத் துறைமுகம் திறந்த புதிது. கப்பல் ஏஜெண்டு ஆபீஸ் ஒன்றில் டைப்பிஸ்டாக இருந்தேன். ஏழு வருஷம் அடுத்தவர்கள் சொன்னதை அடித்துக் கொடுத்தே விரல் காய்த்துப் போயிருந்தது. மாப்பிள்ளையையும் நான் தேர்ந்தெடுக்கவில்லை. அவர் கப்பலில் எஞ்சின் வேலையில் இருந்தார். போட்டோ வந்தது, சரி என்று பெரியவர்கள் சொல்லிவிட்டார்கள். அது போகட்டும். கோயிலில் பீடத்துக்கு முன்னால் நிற்கும்போது உடம்பில் இருக்கிற துணியாவது நான் எடுத்ததாக இருக்க வேண்டும். எனக்கு வேண்டியிருந்தது அது ஒன்றுதான். அம்மாவிடம் சொன்னேன். வாயை மூடிக்கொண்டு இரு, சம்பந்தத்தைக் கெடுத்துவிடாதே என்றாள்.

எங்கள் கடற்கரைக் கத்தோலிக்க வீடுகளில் மணப்பெண் கோயிலுக்கு வெள்ளை உடுத்துவாள். அதை எடுத்துத் தருவது மாப்பிள்ளை வீடு. மாப்பிள்ளை வீடு என்றால் மாப்பிள்ளையின் பெரியம்மா, எனக்குப் பெரிய மாமி. மாப்பிள்ளையின் அப்பா தோணியில் கொழும்புக்குப் போய்த் திரும்பி வராமல் போனதிலிருந்து, அந்த வீட்டில் குழம்புக்கு எவ்வளவு உப்பு என்பதைக்கூடப் பெரிய மாமிதான் சொல்வார். சொந்த மாமியார் என்று ஒருவர் இருந்தார். வெள்ளைச் சேலையால் தலையை மூடிக்கொண்டு கதவோரமாக நிற்பார். அவர் முகத்தை நான் சரியாகப் பார்த்ததுகூட இல்லை.

கப்பலிலிருந்து மாப்பிள்ளை ஒரு கடிதம் எழுதியிருந்தார். சேலையைப் பெண்ணே எடுக்கட்டும், அம்மாவையும் கூட்டிக்கொண்டு போங்கள் என்று. பெரிய மாமி அந்தக் கடிதத்தை எங்கள் வீட்டுக்கே கொண்டுவந்து வாசித்துக் காட்டினார். "மாப்பிள்ளையே சொல்லிட்டான். ஏளா, நீயே தைரியமா எடு" என்றார். அடுத்த மூச்சிலேயே, நைலக்ஸ் துணியில் வெள்ளி ஜிகினா வைத்தது ஒன்றைத் தான் மனதில் குறித்து வைத்திருப்பதாகவும் சொன்னார். நான் கறுப்பு, உயரமும் கூட. சித்திரை வெயிலில் நைலக்ஸைச் சுற்றிக்கொண்டு, செதில் எடுக்காத சீலா மீன் மாதிரி கோயிலுக்குள் போய் நிற்க வேண்டும். அதற்குத்தான் எனக்குத் தைரியம் வேண்டும்போல.

உள்ளூரில் எடுத்தால் என்ன விலை என்று ஊருக்கே தெரிந்துவிடுமாம், திருநெல்வேலிக்குப் போகலாம் என்று பெரிய மாமி முடிவு செய்தார். செவ்வாய்க்கிழமை வேண்டாமே என்று அம்மா மெதுவாக இழுத்தாள். நீங்கள் வேதக்காரர்கள்தானா, இந்த அஞ்ஞானிப் பழக்கமெல்லாம் எங்கே படித்தீர்கள் என்று பெரிய மாமி ஒரு பிடி பிடித்தார். அம்மா சுருண்டு போனாள். கூடவே இன்னொரு உத்தரவு. யாரும் நகை போட்டுக்கொண்டு வரக்கூடாது, கழுத்தில் பவுனைக் கண்டால் கடைக்காரன் விலையை ஏற்றிவிடுவான். இப்படி ஒரு மூளை வேறு யாருக்கு வரும்?

பெரிய மாமி, மாமியார், நாத்தனார், அம்மா, நான் என்று ஐந்து பேரும் ஒரு வாடகை அம்பாசடரில் புறப்பட்டோம். பெரிய மாமி முன்சீட்டில். பின்னால் என் பக்கத்தில் மாமியார். வண்டி கிளம்பியதுமே பெரிய மாமி திரும்பி அவரிடம், "நீ கூட வந்தாப் போதும். சீலையில மட்டும் கைய வச்சிராத" என்றார். செவ்வாய்க்கிழமை பார்ப்பது அஞ்ஞானிப் பழக்கம், விதவை கை படக்கூடாது என்பது மட்டும் எந்த வேதமோ தெரியவில்லை. மாமியார் சரி என்று தலையை ஆட்டினார். எனக்கு அது சிரிப்பாகத்தான் இருந்தது. பக்கத்தில் இருந்தவரிடம் ஒரு வார்த்தை பேச வேண்டும் என்று தோன்றவில்லை.

வல்லநாடு தாண்டுவதற்குள் பெரிய மாமி வாந்தி எடுத்தார். அதைப் பார்த்து நாத்தனாரும் எடுத்தாள். அம்மாவுக்குத் தலைவலி, நெற்றியில் ஈரக் கைக்குட்டை. திருநெல்வேலியில் கடை வாசலில் இறங்கியபோது எங்களை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். காதிலும் கழுத்திலும் ஒன்றும் இல்லை. தலையில் பூ இல்லை. பொட்டு எங்களுக்கு எப்போதுமே கிடையாது. முகமெல்லாம் வெளிறிக் கிடந்தது. நடுவில் முக்காட்டோடு ஒரு வெள்ளைச் சேலை.

கடையில் ஒரு விற்பனையாள் ஜமுக்காளத்தை விரித்து உட்காரச் சொன்னான். மரியாதையான ஆள். பெரிய மாமி உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொண்டு, "வெள்ளைச் சீலை காட்டுங்க" என்றார். அவன் எங்கள் ஐந்து நெற்றியையும் வரிசையாகப் பார்த்தான். பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டான்.

"காரியம் எப்பம்மா?"

எனக்குப் புரிந்துவிட்டது. என்னோடு ஆபீசில் வேலை பார்த்தவர்களில் பாதிப் பேர் தாமிரபரணிக் கரைக் கிராமத்துக்காரர்கள். பெரியப்பா காரியத்துக்குப் போக வேண்டும், ஆச்சி காரியத்துக்குப் போக வேண்டும் என்று அவர்களுக்கு எத்தனை லீவு லெட்டர் அடித்துக் கொடுத்திருப்பேன். காரியம் என்றால் அவர்களுக்குச் செத்தவருக்குச் செய்கிற பதினாறாம் நாள் சடங்கு. அதில் விதவைக்குத்தான் வெள்ளைச் சேலை. பெரிய மாமிக்கு அதெல்லாம் எங்கே தெரியும்? அவருக்குத் தெரிந்தது நல்ல காரியம் ஒன்றுதான்.

"அடுத்த புதன்கிழமை. ஆயிரம் பேருக்குச் சாப்பாடு" என்றார் பெருமையாக.

சேலை யாருக்கு என்று கேட்டான். இவளுக்குத்தான் என்று என்னைக் காட்டினார். அவன் முகம் வாடிப்போய், சின்ன வயசா இருக்கே என்றான். "என்ன சின்ன வயசு? இருபத்தாறு முடியப் போவுது. இதுவே லேட்டு" என்றார் பெரிய மாமி.

நான் அப்போதே சொல்லியிருக்கலாம். ஒரு வார்த்தையில் முடிந்திருக்கும். சொல்லவில்லை. ஊரையே அதட்டுகிற வாய் தானாகப் போய்க் குழிக்குள் விழுகிறது, நான் ஏன் தடுக்க வேண்டும்? கைக்குட்டையை வாயில் வைத்துக்கொண்டேன். நான் அழுகிறேன் என்று அந்த ஆள் நினைத்திருப்பான். தோள் குலுங்கியது சிரிப்பில்.

அவன் உள்ளே போய் ஒரு கட்டு வெள்ளைச் சேலை கொண்டுவந்தான். எல்லாம் வாயில், மல் என்று மெல்லிய பருத்தித் துணி. சரிகை இல்லையா என்று பெரிய மாமி கேட்டார். இதுக்கெல்லாம் சரிகை போட மாட்டாங்கம்மா என்று அவன் சொன்னதும், திருநெல்வேலியில் இப்போது இதுதான் வழக்கம்போல, தெரியாதவள் என்று நினைத்துவிடப் போகிறான் என்று அவர் அவசரமாகத் தலையை ஆட்டினார். எனக்கு வயிறு வலிக்க ஆரம்பித்தது.

அந்தக் கட்டில் நாலாவதோ ஐந்தாவதோ ஒரு சேலை. மெல்லிய வாயில். வெள்ளையிலேயே வெள்ளைக் கோடு, கிட்டே வைத்துப் பார்த்தால்தான் தெரியும். கையில் எடுத்தால் கனமே இல்லை. சிரிப்பெல்லாம் நின்றுவிட்டது. நான் கேட்டது இதுதான். இதை உடுத்தினால் நான் நானாக இருப்பேன். "இது" என்றேன்.

"தைரியமா எடுங்கக்கா. சாயம் போவாது" என்றான், பழக்க தோஷத்தில். வெள்ளைக்கு ஏது சாயம். உடனே நாக்கைக் கடித்துக்கொண்டு, "தைரியமா இருங்க" என்று திருத்தினான். பெரிய மாமிக்கு அவனைப் பிடித்துப்போய்விட்டது. பிள்ளைக்குக் கொஞ்சம் பயம்தான், போகப் போகப் பழகிவிடும் என்று அவனிடம் சொன்னார்.

அப்போதுதான் கல்லாவிலிருந்து முதலாளி அண்ணாச்சி எழுந்து வந்தார். பெரிய மாமிக்கு முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்று, "இந்தப் பிள்ளைக்கு மாப்பிள்ளையா தவறுனது? என்ன செஞ்சிது அவுகளுக்கு?" என்று கேட்டார்.

பெரிய மாமிக்கு விளங்கச் சிறிது நேரம் ஆயிற்று. விளங்கியதும் மார்பில் அடித்துக்கொண்டு எழுந்தார். கல்யாணச் சேலை ஐயா, கல்யாணச் சேலை என்று கத்தினார். அண்ணாச்சி பதறிப்போய் மன்னிப்புக் கேட்டார், விற்பனையாளைத் திட்டினார், சோடா வரவழைத்தார். ஒன்றும் எடுபடவில்லை. பிள்ளை கப்பலில் இருக்கிறான், கரைக்கு வர இன்னும் ஐந்து நாள் இருக்கிறது, உயிரோடு இருக்கிறவனுக்குக் காரியம் கேட்டுவிட்டார்களே என்று ஒரே புலம்பல். செவ்வாய்க்கிழமை பார்த்ததற்கு, நீங்கள் வேதக்காரர்கள்தானா என்று அம்மாவைப் பிடித்த அதே வாய்தான். அவ்வளவு வேதமும் வல்லநாட்டிலேயே வெளியே வந்துவிட்டது.

"அந்தச் சீலையக் கீழ போடு" என்றார் என்னிடம்.

எனக்குப் பயம்தான். ஆனாலும் கை விடவில்லை. "எனக்கு இதுதான் பிடிச்சிருக்கு" என்றேன்.

கடையே எங்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது. பிடிச்சிருக்காமே, எங்கள் பிள்ளையை முழுங்க வருகிறாளா இவள் என்றார். வண்டியில் ஏறுங்கள், ஊருக்குப் போய் மற்றதைப் பேசிக்கொள்ளலாம் என்றார். மற்றது என்றால் என்ன என்று எல்லோருக்கும் தெரியும். நாத்தனார் எழுந்துவிட்டாள். அம்மா அழ ஆரம்பித்தாள். போட்டுவிடு, காலில் விழுகிறேன் போட்டுவிடு என்று என் கையைப் பிடித்து இழுத்தாள்.

என் கையிலிருந்த சேலையை இன்னொரு கை வாங்கியது. மாமியார். அதை மடியில் வைத்து மடித்தார். அவர் குரலை நான் கேட்டது அன்றுதான் முதல் தடவை. சத்தமே இல்லாத குரல்.

"எக்கா. வெள்ளை ஆவாதுன்னா மொதல்ல ஆவாதது நாந்தான். எட்டு வயசுலேருந்து அவன் என் சீலையப் பிடிச்சிக்கிட்டுத்தான் ஒறங்குனான். அவனுக்கு ஒண்ணும் ஆவல."

பெரிய மாமி பொத்தென்று ஜமுக்காளத்தில் உட்கார்ந்துவிட்டார். இருபது வருஷமாகக் கதவோரத்தில் நின்றவர் நடுக்கடையில் பேசினால் யார்தான் என்ன செய்வார்? மாமியார் சேலையை விற்பனையாளிடம் நீட்டி, "இதக் கட்டிக் குடுங்க தம்பி" என்றார். அவன் கட்டிக் கொடுத்தான்.

வண்டியில் ஏறியதும் பெரிய மாமிக்குப் பேச்சு திரும்பிவிட்டது. கோயில் சாமியாரிடம் கொடுத்து மந்திரித்த தண்ணீர் தெளித்துக்கொண்டால் போதும் என்றார். பாளையங்கோட்டை தாண்டும்போது, சரிகை இல்லாததுதான் இப்போது நாகரிகம் என்று நாத்தனாருக்கு விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தார். வல்லநாடு வந்தபோது சேலையை அவரேதான் தேர்ந்தெடுத்திருந்தார். நல்லவேளை, இந்தத் தடவை வாந்தி எடுக்கவில்லை.

நான் பக்கத்தில் திரும்பினேன். பொட்டலம் மாமியாரின் மடியில் இருந்தது. ஏதாவது சொல்ல வேண்டும் என்று தடுமாறி, மாமி என்றேன். அவர் முன்சீட்டுக்குக் கேட்காத குரலில் பேசினார்.

"அவுக போனப்பம் எனக்கு எடுக்கப் போன கடையிலயும் இதேதான் கேட்டான். காரியம் எப்பம்னு. இன்னைக்கு அவன் வாயத் தொறந்ததுமே எனக்கு வெளங்கிட்டு." கொஞ்சம் நிறுத்தினார். "நீ சிரிச்சதையும் பாத்தேன்."

அந்தக் குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் நான் பதில் பேசியிருப்பேன், எனக்கா வாய் இல்லை. பெரிய மாமியைப் பார்த்துத்தான் சிரித்தேன் என்று சொல்லியிருப்பேன். உண்மையும் அதுதான். ஆனால் எதை வைத்துச் சிரித்தேன்? ஒருத்திக்குத் தாலி போன நாளில் கேட்ட கேள்வியை வைத்து. அவள் என் தோளோடு தோள் ஒட்டி உட்கார்ந்திருந்தாள், நான் கைக்குட்டையை வாயில் வைத்துக்கொண்டு குலுங்கிக்கொண்டிருந்தேன். பெரிய மாமியை முட்டாள் என்று இத்தனை வருஷம் சொல்லி வந்திருக்கிறேன். அவர் தெரியாமல் செய்தார்.

புதன்கிழமை அந்தச் சேலையோடுதான் பீடத்துக்கு முன்னால் நின்றேன். பூசை முடிந்து கோயில் வாசலில் பெண்கள் சூழ்ந்துகொண்டு முந்தானையைத் தொட்டுப் பார்த்தார்கள். எளிமையாக எவ்வளவு நன்றாக இருக்கிறது, யார் எடுத்தது என்று கேட்டார்கள். பெரிய மாமி முன்னால் வந்தார். நானே எடுத்தேன் என்று சொல்லத்தான் அவ்வளவு ஆசைப்பட்டிருந்தேன். எங்க மாமியார் எடுத்துத் தந்தது என்றேன்.